லினக்ஸில் ரெக்கார்டிங் நடுவே சத்தம் அறுகிறதா? எக்ஸ்ரன்னைத் தேடிப் பிடிக்கும் முறை

பஃபரை, அதாவது ஒரு தடவைக்குக் கைமாறும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கையை, 128-ல் வைத்துக்கொண்டு கிட்டாரோ வாய்ப்பாட்டோ பதிவு செய்துகொண்டிருக்கும்போது நடுவில் டிக் என்று ஒரு சத்தம், அல்லது கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒன்றுமே இல்லாத ஒரு வெட்டு. அப்புறம் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும், நிம்மதியாக அடுத்த டேக் எடுக்கலாம் என்று நினைக்கும்போது மறுபடி டிக். இதற்கு யாரிடம் யோசனை கேட்டாலும் முதலில் வருவது "ரியல்டைம் கெர்னல் போட்டுவிடு" என்பதுதான், அதாவது அவசர வேலைக்கு உடனே வழிவிடும்படி அமைத்த லினக்ஸ் மையம். அது தப்பு இல்லை, ஆனால் கடைசியாகச் செய்ய வேண்டியது. முக்கால்வாசி நேரம் காரணம் அதைவிடச் சாதாரணமாக, யூஎஸ்பி துளையிலோ பேட்டரி அமைப்பிலோ உட்கார்ந்திருக்கும்.

முதலில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் இது புரியாமல் செய்யும் எந்த மாற்றமும் குருட்டாம்போக்குதான். நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் (சாம்பிள்கள்) ஓடுகின்றன, பஃபர் 128 என்றால் ஒவ்வொரு 2.67 மில்லிநொடிக்கும் ஒருமுறை சவுண்ட் கார்டு "அடுத்த 128 எங்கே" என்று கேட்கும். அதற்குள் கெர்னல் விழித்து, நிரல்களுக்கும் கார்டுக்கும் நடுவே ஒலியைக் கடத்தும் பைப்வயரையோ ஜாக்கையோ எழுப்பி, அது உங்கள் ரெக்கார்டிங் மென்பொருளை எழுப்பி, அதில் மாட்டிய பிளக்இன்கள், அதாவது ஒலியை மாற்றும் துணை நிரல்கள், எல்லாம் கணக்குப் போட்டு முடித்து, முடிவைக் கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும். ஒரே ஒரு முறை தாமதமானாலும் கார்டிடம் வாசிக்க ஒன்றும் இருக்காது. அதுதான் எக்ஸ்ரன். "சிபியு 15 சதவீதம்தான் ஓடுது, எப்படி அறுகும்?" என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. பேருந்துகள் இன்று சராசரியாக நேரத்துக்கு ஓடின என்று சொன்னால், 8.10 வண்டி வராமல் நின்றவருக்கு அதனால் என்ன பயன்? இங்கே சராசரிக்கு மதிப்பே இல்லை, மிக மோசமான ஒரு தடவை எவ்வளவு தாமதம் என்பது மட்டும்தான் கணக்கு.

முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள்

காதை நம்பாதீர்கள். இப்போதைய லினக்ஸ் விநியோகங்கள் பெரும்பாலும் பைப்வயரோடுதான் வருகின்றன, அப்படியானால் டெர்மினலில் பிடபிள்யூ-டாப் என்ற கருவியை ஓடவிடுங்கள். இயங்கும் ஒவ்வொரு ஆடியோ சாதனமும் நிரலும் ஒரு வரியாக வரும். அதில் மூன்று பத்திகள்தான் நமக்கு வேண்டும். ஈஆர்ஆர் என்ற பத்தி இதுவரை நடந்த எக்ஸ்ரன்களின் எண்ணிக்கை. பி/கியூ என்பது கிடைத்த நேரத்தில் எவ்வளவு பங்கை அந்த நிரல் வேலை செய்தே தின்றது என்பது. 1-ஐ நெருங்கினால் நேரம் முடிந்தது என்று பொருள். டபிள்யூ/கியூ என்பது, ஒரு நிரலைப் பொறுத்தவரை, "எழுந்திரு" என்று சொன்ன பிறகு அது எழுந்து வேலையைத் தொடங்கும்வரை வீணான நேரம். பட்டியலில் முதலில் வரும் சாதன வரிக்கு மட்டும் இந்தப் பத்தியின் பொருள் வேறு, அங்கே அது மொத்தச் சுற்றும் முடிய ஆன நேரம், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

ஜாக்கை நேரடியாகப் பயன்படுத்துபவர்கள் என்றால் கியூஜாக்கன்ட்ரோலின் முகப்பிலேயே எக்ஸ்ரன் எண்ணிக்கை இருக்கிறது. ஆர்டர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளிலும் மேலே தெரியும்.

இப்போது வழக்கம்போல வாசியுங்கள், பாடுங்கள், சத்தம் அறுகிற ஒவ்வொரு முறையும் கண் அந்த எண்ணின்மேல் இருக்கட்டும். இதிலேயே பாதை மூன்றாகப் பிரிந்துவிடும். சத்தம் அறுகிறது, ஆனால் எண் ஏறவே இல்லை என்றால் கோளாறு நேரம் தவறியதில் இல்லை. எண் ஏறுகிறது, ஏதோ ஒரு நிரலின் பி/கியூ 0.8, 0.9 என்று நிற்கிறது என்றால் வேலை உண்மையிலேயே அதிகம். எண் ஏறுகிறது, பி/கியூ எல்லாம் 0.2-க்குக் கீழே சும்மா இருக்கிறது என்றால் யாரோ குறுக்கே வந்து உங்கள் நிரலை எழவிடாமல் செய்கிறார்கள். இந்த மூன்றாவதுதான் தலைவலி, அதற்குத்தான் கீழே அதிக இடம்.

எண் ஏறாமல் சத்தம் மட்டும் அறுந்தால்

கேபிளை மாற்றிப் பாருங்கள், இது கேலி இல்லை. தளர்ந்த யூஎஸ்பி கேபிளில் தரவு கெட்டுப்போனால் அதை மறுபடி அனுப்பச் சொல்லும் ஏற்பாடு யூஎஸ்பி ஆடியோவில் கிடையாது. போனது போனதுதான், டிக் என்று கேட்கும். வெளியிலிருந்து டிஜிட்டல் கேபிளில் இன்னொரு சாதனம் இணைத்திருந்தால் இரண்டுக்கும் கடிகாரம் ஒன்றா என்று பாருங்கள். தனித்தனிக் கடிகாரத்தில் ஓடினால் சொல்லிவைத்தாற்போல ஒரே இடைவெளியில் டிக் வரும். ஒழுங்கான இடைவெளி என்பதே நல்ல தடயம். உள்ளீட்டு அளவு சிவப்பைத் தொட்டு உடைகிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பாட்டு தொடங்கும்போது முதல் எழுத்து மட்டும் விழுங்கப்படுகிறது, அப்புறம் எல்லாம் சரி என்பது வேறு கதை. சில நொடிகள் சத்தம் இல்லாவிட்டால் பைப்வயரை மேலாளும் வயர்பிளம்பர் கார்டைத் தூங்கவைத்துவிடும், இயல்பான அமைப்பில் அது 5 நொடி. வயர்பிளம்பர் அமைப்பில் அந்தத் தூக்க நேரத்தை 0 என்று மாற்றினால் தூங்கவே தூங்காது. மடிக்கணினியின் சொந்த ஒலிச்சில்லுக்கு இதுபோக டிரைவர் பக்கம் தனியாக ஒரு மின்சேமிப்பு இருக்கிறது, அதையும் 0 ஆக்க வேண்டியிருக்கலாம்.

வேலை உண்மையிலேயே அதிகமென்றால்

இங்கே பெரிதாகத் துப்பறிய ஒன்றும் இல்லை. ஒரு தடத்தில் வரிசையாக மாட்டிய பிளக்இன்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓட முடியும், ஆகவே எட்டு கோர் இருந்தாலும் அந்த ஒரு வரிசைக்கு ஒரு கோர்தான். கிட்டார் ஆம்ப் சிமுலேட்டர், கன்வல்யூஷன் ரிவெர்ப், இரண்டு மடங்கு நான்கு மடங்கு ஓவர்சாம்ப்ளிங் செய்யும் லிமிட்டர், இவற்றை ஒவ்வொன்றாக அணைத்து பி/கியூ எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பதிவு செய்யும்போது மாஸ்டரிங் பிளக்இன் தேவையே இல்லை, மிக்ஸிங்கில் மாட்டிக்கொள்ளலாம்.

ஒரு விசித்திரத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். பாட்டு ஓடும்போது சுமை குறைவாக இருந்து, பாட்டை நிறுத்தியதும் ஓரிரு நொடி கழித்து சுமை ஏறினால், அது பழைய ரிவெர்ப் அல்லது ஃபில்டர் பிளக்இனின் வேலை. சத்தம் அடங்கி அடங்கிப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போகும் மிக மிகச் சிறிய எண்களை, டிநார்மல் எண்கள் என்பார்கள், கையாள சில செயலிகளுக்குப் பலமடங்கு நேரம் பிடிக்கும். ஆர்டரின் விருப்பங்களில் இவற்றைப் பூஜ்யமாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லும் அமைப்பு இருக்கிறது. அதிலும் தீராவிட்டால் அந்த பிளக்இனைத் தூக்கிவிட்டு வேறொன்று போடுங்கள்.

சுமை இல்லை, ஆனாலும் அறுகிறது

சரி, இதுதான் முக்கியமான இடம். ஒரே ஒரு விதி: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், மாற்றியதும் அதே திட்டத்தை அதே பஃபரில் பத்து நிமிடம் ஓடவிட்டு எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கோ பார்த்த பன்னிரண்டு வரிகளை ஒரேயடியாக ஒட்டிவிட்டால், எது சரி செய்தது என்றும் தெரியாது, ஆறு மாதம் கழித்து எது கெடுக்கிறது என்றும் தெரியாது.

முதல் சோதனை, உங்கள் ஆடியோவுக்கு முன்னுரிமை கிடைத்திருக்கிறதா என்பது. ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் எச்டாப்பைத் திறந்து, த்ரெட்களை, அதாவது ஒரு நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைகளை, காட்டச் சொல்லி, பைப்வயருக்குள் டேட்டா-லூப் என்று தொடங்கும் த்ரெட்டைத் தேடுங்கள். அதன் பிஆர்ஐ பத்தியில் மைனஸ் 89 என்று இருந்தால் அருமை, முன்னுரிமை 88 கிடைத்திருக்கிறது. மைனஸ் 21 என்றால் ஆர்டிகிட் என்ற இடைத்தரகர் வழியாக 20 கிடைத்திருக்கிறது, அதுவும் பரவாயில்லை, பெரும்பாலும் போதும். 20 என்றோ 9 என்றோ மைனஸ் இல்லாமல், அதாவது பிரவுசர்போல வரிசையில் நிற்கிறது என்றால் உங்கள் காரணம் கிடைத்துவிட்டது. டெபியன், உபுண்டு வகையில் உங்கள் பயனர் ஆடியோ குழுவில் இருக்க வேண்டும், அந்தக் குழுவுக்கு ஆர்டிபிரியோ 95, மெம்லாக் அன்லிமிடெட் என்ற இரண்டு வரிகள் லிமிட்ஸ் அமைப்பில் இருக்க வேண்டும். ஜாக் தொகுப்பை நிறுவும்போது "ரியல்டைம் முன்னுரிமை தரவா" என்று கேட்கும் கேள்விக்கு ஆம் சொன்னால் அந்த வரிகளை அதுவே எழுதிவிடும். ஆர்ச்சில் இதற்கென்று தனித் தொகுப்பும் ரியல்டைம் என்ற குழுவும் உண்டு. குழுவில் சேர்த்த பிறகு முழுதாக லாக்-அவுட் செய்து மறுபடி நுழைய வேண்டும், டெர்மினலை மூடித் திறந்தால் போதாது. யூலிமிட் -ஆர் என்று அடித்தால் டெபியன், உபுண்டு வகையில் 95 என்று வர வேண்டும், 0 வந்தால் இன்னும் ஒட்டவில்லை.

அடுத்தது மின்சாரம். செயலி சும்மா இருக்கும்போது வேகத்தைக் குறைத்து அரைத்தூக்கத்துக்குப் போகும், ஆடியோ வேலையோ 2.67 மில்லிநொடிக்கு ஒருமுறை கொஞ்சமாக வருவது, ஆகவே செயலி "பெரிய வேலை ஒன்றும் இல்லை" என்று நினைத்து வேகத்தை ஏற்றாமலேயே இருந்துவிடும். செயலியின் வேகத்தைத் தீர்மானிக்கும் சிபியு கவர்னரை பெர்ஃபாமன்ஸ் என்று மாற்றுங்கள். க்னோம், கேடிஈ டெஸ்க்டாப்கள் இரண்டிலும் மேலேயோ கீழேயோ உள்ள பேட்டரி பட்டியலிலேயே அந்த வசதி கிடைக்கிறது, கட்டளை வழியாகச் செய்ய சிபியுபவர் இருக்கிறது.

இங்கே நம் வீடுகளுக்கே உரிய இரண்டு சங்கதிகள். மடிக்கணினி சார்ஜரை மாட்டினால் எர்த் சரியில்லாத பிளக்கில் ஹம்ம்ம் என்று இரைச்சல் வருகிறது, ஆகவே சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதிவு செய்வோம். கழற்றிய அடுத்த நொடி பல கணினிகள் தாமாகவே மின்சேமிப்பு நிலைக்குப் போய்விடும், இரைச்சல் போய் டிக் வந்துவிடும். பேட்டரியில் ஓடும்போதும் பெர்ஃபாமன்ஸ் நிலைக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். இரண்டாவது, மைக் திறந்ததும் ஏசியையும் ஃபேனையும் அணைத்துவிடுகிறோம். மே மாத மதியத்தில் கதவு ஜன்னல் சாத்திய அறையில் அரை மணி நேரம் போனால் செயலி சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் சில டேக்குகள் சுத்தமாக வந்து அதற்கப்புறம் மட்டும் அறுந்தால், சென்சார்ஸ் என்ற கட்டளையில் வெப்பநிலையைப் பாருங்கள். 90 டிகிரிக்கு மேல் தொடர்ந்து நின்றால் கெர்னலைக் குறை சொல்லிப் பயனில்லை, உள்ளே ஃபேனில் அடைத்திருக்கும் தூசியைத் தட்டிவிட்டு, டேக்குகளுக்கு நடுவே காற்றோட்டம் கொடுங்கள்.

அப்புறம் யூஎஸ்பி. எல்எஸ்யூஎஸ்பி -டி என்ற கட்டளை எந்தச் சாதனம் எந்தக் கிளையில் தொங்குகிறது என்று மரம்போல் காட்டும். உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸ் இருக்கும் அதே கிளையில் வெப்கேம், வெளி ஹார்ட் டிஸ்க், வைஃபை டாங்கிள் எதுவும் இருக்கக் கூடாது. வெப்கேமும் ஆடியோபோலவே நேரம் ஒதுக்கிக் கேட்கிற சாதனம், இரண்டும் ஒரே ஹப்பில் இருந்தால் அடித்துக்கொள்ளும். ஹப் வேண்டாம், நேராகக் கணினியில் செருகுங்கள். ஒரு துளையில் அறுகிறது என்றால் எதிர்ப்பக்கத் துளையில் செருகிப் பாருங்கள், சில கணினிகளில் அது வேறு கன்ட்ரோலர். செருகும் துளையை மாற்றுவதற்குக் காசு இல்லை, நேரமும் இல்லை, இருந்தும் பலர் இதைக் கடைசியில்தான் செய்கிறார்கள். ராஸ்பெர்ரி பை 3-ல் நெட்வொர்க் கேபிளும் யூஎஸ்பி துளைகள் எல்லாமும் ஒரே யூஎஸ்பி 2.0 பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதால், அதில் வேறு துளைக்கு மாற்றியும் பயனில்லை. பை 4-ல் இந்தத் தொல்லை இல்லை.

வைஃபையை அணைத்துவிட்டு ஒருமுறை ஓடவிடுங்கள். எண்ணிக்கை அப்படியே நின்றுபோனால் குற்றவாளி அதன் டிரைவர். சில டிரைவர்கள் பக்கத்திலுள்ள நெட்வொர்க்குகளை அவ்வப்போது தேடும் அந்தக் கணத்தில் செயலியைக் கொஞ்சம் நீளமாகவே பிடித்துவைத்துக்கொள்ளும். பதிவு நேரத்தில் அணைத்து வைப்பது அழகான தீர்வு இல்லைதான், ஆனால் வேலை செய்கிற தீர்வு. அப்படியே ப்ளூடூத்தையும். திரை அட்டையின் டிரைவரையும் சந்தேகப் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள்: ஜன்னலை இழுக்கும்போது, திரையை மாற்றும்போது எண் ஏறினால் அந்தப் பக்கம்.

இத்தனையும் பார்த்தபிறகும் ஏறுகிறதா? ஊகத்தை விட்டு அளக்கும் நேரம் இது. ஆர்டி-டெஸ்ட்ஸ் என்ற தொகுப்பில் சைக்ளிக்டெஸ்ட் என்று ஒரு கருவி இருக்கிறது. ஒவ்வொரு கோரிலும் ஒரு த்ரெட்டைப் போட்டு, சொன்ன நேரத்துக்கு எழுந்ததா, எவ்வளவு பிந்தியது என்று மைக்ரோநொடியில் சொல்லும். பத்து இருபது நிமிடம் ஓடவிட்டு, நடுவில் பிரவுசரைத் திறந்து, கோப்பை நகலெடுத்து, கணினியைக் கொஞ்சம் படுத்துங்கள். கடைசியில் மேக்ஸ் என்ற எண்ணை மட்டும் பாருங்கள், சராசரியைப் பார்க்காதீர்கள். மேக்ஸ் சில நூறுக்குள் இருந்தால் 128 பஃபருக்கு அது பொருட்டே இல்லை, கோளாறு வேறு எங்கோ, மேலே உள்ளவற்றுக்குத் திரும்பிப் போங்கள். மேக்ஸ் 2,000-ஐத் தாண்டினால் உங்களுக்குக் கிடைப்பதே 2,667 மைக்ரோநொடிதான், மீதியில் பிளக்இன்கள் எப்படி முடிக்கும்?

இப்போதுதான் கெர்னலுக்கு வருகிறோம். வேறு கெர்னல் நிறுவும் முன் இப்போதிருப்பதற்கே பூட் வரியில், அதாவது கணினி தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரியில், இரண்டு சொல் சேர்த்துப் பாருங்கள்: த்ரெட்ஐஆர்கியூஸ், அப்புறம் ப்ரிஎம்ப்ட்=ஃபுல். முதலாவது, சாதனங்கள் செயலியைக் கூப்பிடும் குறுக்கீடுகளைத் தனித்தனி த்ரெட்களாக மாற்றுவதால் அவற்றுக்கும் முன்னுரிமை கொடுக்க முடியும். ஆர்டிஐஆர்கியூ என்ற சிறு ஸ்கிரிப்ட் இந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும், யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் என்றால் அதன் பட்டியலில் யூஎஸ்பி மேலே இருக்க வேண்டும். இரண்டாவது, கெர்னல் தன் சொந்த வேலையின் நடுவில்கூட ஆடியோவுக்கு வழிவிடச் செய்வது. இந்த இரண்டிலேயே பெரும்பாலான வீட்டு ஸ்டுடியோக்களுக்குப் போதும் என்பது என் கருத்து.

போதவில்லை என்றால் முழு ரியல்டைம் கெர்னல். சுமார் இருபது ஆண்டுகள் தனி ஒட்டாக (பேட்ச்) வளர்ந்துவந்த ப்ரிஎம்ப்ட் ஆர்டி, 2024 நவம்பரில் வெளியான 6.12 கெர்னலிலிருந்து மூலக் கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது, ஆகவே முன்புபோல ஒட்டுப் போட்டுத் திண்டாட வேண்டியதில்லை, பல விநியோகங்களில் தொகுப்பாகவே கிடைக்கிறது. பழைய கெர்னலை அழிக்காமல் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், என்விடியாவின் மூடிய டிரைவர் ஆர்டி கெர்னலோடு முரண்டு பிடிப்பது உண்டு.

ஆர்டி கெர்னல் போட்டும் மேக்ஸ் எண் திடீரென்று ஆயிரங்களில் எகிறுகிறதா? அதே தொகுப்பிலுள்ள எச்டபிள்யூலாட்டிடெக்ட்டை ஓடவிடுங்கள். கணினிப் பலகையிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் தன் சொந்த வேலைக்காக, வெப்பம் பார்க்க, ஃபேன் சுழற்ற, யூஎஸ்பி விசைப்பலகையைப் பழைய வகை விசைப்பலகைபோல நடிக்கவைக்க, கெர்னலுக்கே தெரியாமல் செயலியைப் பிடுங்கிக்கொள்ளும். எஸ்எம்ஐ என்பார்கள். இதை எந்தக் கெர்னலாலும் தடுக்க முடியாது. பயாஸைப் புதுப்பிப்பது, அதற்குள் போய் யூஎஸ்பி லெகசி ஆதரவை அணைப்பது, அவ்வளவுதான் நம் கையில் உள்ளது. அதற்கும் மசியாத மடிக்கணினி என்றால் அது 64 பஃபருக்கு ஏற்ற கணினி இல்லை என்று ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

பஃபரை எவ்வளவு வைப்பது

64-க்கு ஆசைப்படாதீர்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 128-க்கும் 256-க்கும் வித்தியாசம் ஒரு பஃபருக்கு 2.67 மில்லிநொடி, உங்களுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே சத்தம் ஒரு மீட்டர் கூடுதலாகக் காற்றில் வரும் நேரம். கிட்டார் வாசிப்பவர் பெரும்பாலும் 256-லேயே வாசித்துவிடுவார். ஹெட்ஃபோனில் தன் குரலையே கேட்டுப் பாடுபவருக்குத்தான் 128 தேவைப்படும். ஜாக்கில் யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் என்றால் பீரியட் எண்ணிக்கையை, அதாவது வரிசையில் எத்தனை பஃபர் என்பதை, 2-லிருந்து 3 ஆக்கிப் பாருங்கள், பஃபரை இரட்டிப்பாக்குவதைவிட இது மலிவான வழி. பைப்வயரில் ஒலிக் கட்டுப்பாட்டுச் சாளரத்தில் கார்டின் புரொஃபைலை ப்ரோ ஆடியோ என்று மாற்றுங்கள், நடுவிலுள்ள கலவைச் சடங்குகள் நீங்கி கார்டோடு நேரடியாகப் பேசும். திட்டம் 44.1-லும் கார்டு 48-லும் இருந்தால் வீணாக மறுகணக்கு நடக்கும், இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள்.

நாளைக் காலை பாடகர் வருகிறார், இன்னும் டிக் போகவில்லை என்றால் கெர்னலோடு மல்லுக்கட்டி இரவைக் கழிக்க வேண்டாம். பஃபரை 1024-க்கு ஏற்றுங்கள். இன்டர்ஃபேஸின் முகப்பில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பொத்தானோ திருகியோ இருக்கும், அதை இயக்குங்கள். மென்பொருளில் அந்தத் தடத்தின் மானிட்டரை, அதாவது குரலைத் திருப்பிக் கேட்கவைக்கும் வசதியை, மட்டும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குரல் இரண்டு முறை கேட்கும். இனி பாடகரின் குரல் கணினிக்குள் போகாமலேயே அவர் காதுக்குப் போகும், கணினி தன் 21 மில்லிநொடியை நிதானமாக எடுத்துக்கொண்டு பதிவு செய்யும், தடத்தைச் சரியான இடத்தில் வைக்கும் வேலையை ஆர்டர் போன்ற மென்பொருள் தானே பார்த்துக்கொள்ளும். ஹெட்ஃபோனில் ரிவெர்ப் இல்லாமல் பாட மாட்டேன் என்று அவர் சொன்னால், ரிவெர்ப்பை மட்டும் கணினியிலிருந்து முழு ஈரமாக, அதாவது நேரடிக் குரல் கலக்காமல், அனுப்புங்கள். ரிவெர்ப் 21 மில்லிநொடி பிந்தி வந்தால் யாருக்கும் தெரியாது.